ட்ரூடி கூடை போடும்வரை

செப்டம்பர் 12, 1993
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லவோனுக்கு,

உன் அண்ணன் வென்டல் தடியில்லாமல் குளியலறைவரை நடக்கிறார் என்று கேட்டதில் சந்தோஷம். இடுப்பெலும்பு கூடிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இங்கே நான் சௌக்கியம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். உண்மையில் இரண்டு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பன்றிக் கொட்டகைக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், எதற்குப் போனேன் என்று மறந்து மறுபடியும் போகிறேன். நாய்கூட என் பின்னால் வருவதை நிறுத்திவிட்டது.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம் என்று கேட்பாய். நீ கூடத்தில் பேசினால் வென்டல் படுக்கையறையில் இருக்கும் இன்னொரு தொலைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு நடுவில் அரிசோனா வெயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். நான் சொல்லப்போவது அவர் காதுக்கு உரியது அல்ல. படித்ததும் கிழித்துப் போடு.

முதலில் நிலத்துச் செய்தி. ஆற்றோர வயலில் சோயா முழுக்க அழுகிவிட்டது. இந்த வருடம் பெய்த மழைக்கு அது பிழைத்திருந்தால்தான் ஆச்சரியம். மேட்டு நிலத்துச் சோளம் நிற்கிறது, ஆனால் இன்னும் பச்சை. உறைபனி ஒரு வாரம் முந்தி வந்தால் அதுவும் போச்சு. பக்கத்துப் பண்ணைக்காரரும் இதையேதான் சொல்கிறார். இரண்டு பேரும் வேலியோரம் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லூரியில் கூடைப்பந்து அணியின் புது ஆட்டக்காரிகளுக்கு வரவேற்பு விருந்து. நீ இல்லையே என்று ஐம்பது பேராவது கேட்டிருப்பார்கள். ஆட்டக்கூடத்து வாசலிலேயே ஹேசல் ப்ரூயின்ஸ் நின்றுகொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயதிலும் ரசிகர் சங்கத்துக்கு அவள்தான் எல்லாம். என்னைப் பார்த்ததும், "என்ன கெரிட், பொண்டாட்டி ஊருக்குப் போனா சட்டைக்கு இஸ்திரி போடக் கூடாதுன்னு ஏதும் வேண்டுதலா?" என்றாள். பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்தவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள்.

உள்ளே படுக்கை விரிப்பு ஒன்றில் சிவப்புச் சாயத்தால் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: 'லவோனின் பெண்களே, வருக.' என் பெயர் எந்த மூலையிலும் இல்லை. பதினெட்டு வருடம் சோறு போட்டவனுக்கு இவ்வளவுதான் மரியாதை. நடைவழியில் மாட்டியிருக்கும் முதல் அணியின் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நீயும் ஆர்டிஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறீர்கள். இப்போது பயிற்சியாளராக இருக்கிற ஆர்டிஸ் அப்போதே அந்த மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

சாப்பாடு வழக்கம்போல. உதிர்த்த இறைச்சி வைத்த ரொட்டி, வெண்ணெயில் வேகவைத்த சோளம், யாரும் தொடாத கேரட் ஜெல்லி. புதிதாக வந்த நான்கு பெண்களில் இரண்டு பேர் நம் இரட்டையர் மார்லாவும் ட்ரூடியும், ஒருத்தி கலிஃபோர்னியாக்காரி. அவளுடைய அப்பா ஓர்டேகா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த அயோவாப் பெண்கள் ஆறு பேர் ஆடுவார்களாமே, அது என்ன ஆட்டம் என்று கேட்டார். விளக்கினேன். மூன்று பேர் மைதானத்தின் ஒரு பாதியில் கூடை போடுவார்கள், மூன்று பேர் மறுபாதியில் தடுப்பார்கள், நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது, தடுப்பவள் பள்ளிக்கூடம் முடியும்வரை ஒரு பந்தைக்கூடக் கூடையை நோக்கி எறிய மாட்டாள், என் மார்லா போடுகிறவள், ட்ரூடி தடுப்பவள் என்றேன். மனிதர் முட்கரண்டியை வைத்துவிட்டு, "அப்ப உங்க இன்னொரு பொண்ணு ஆட்டத்துல இதுவரைக்கும் ஒரு கூடைகூடப் போட்டதில்லையா?" என்றார். போட்டதில்லை என்றேன். அந்த ஆட்டத்தையே இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள், இனி எல்லாப் பள்ளியிலும் ஐவர் ஆட்டம்தான், ட்ரூடி அதை ஆடிய கடைசி வருடத்துப் பெண் என்றேன். அவர் முட்கரண்டியை மறுபடியும் எடுத்தார். ஆனால் என்ன நினைத்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

பிறகு ஹேசல் எழுந்து பேசினாள். "இருபத்தோரு வருஷத்துக்கு முன்னாடி இந்தத் தரையில இவங்கம்மா எதிராளிய மூச்சு விட விடல. இப்ப ரெண்டா வந்திருக்கு. ஒருத்தி போடுவா, ஒருத்தி போட விடமாட்டா. நமக்கு வேற என்னடி வேணும்?" என்றாள். கூடமே எழுந்து கைதட்டியது. ஆளுக்கொரு சிவப்பு வெள்ளைக் குல்லாய் பின்னிக் கொடுத்தாள். மார்லா அதைப் பையில் திணித்தாள். ட்ரூடி தலையில் மாட்டிக்கொண்டு ஓர்டேகாவின் மகளிடம், "கோச் எங்க ரெண்டு பேரையும் கேட்டாங்க. எனக்குத் தனியா ஒரு கடுதாசி வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

லவோன், அந்தக் கடிதம் தானாக வரவில்லை.

ஏப்ரலில் ஆர்டிஸ் நம் வீட்டுக்கு வந்தாள் அல்லவா, நீ தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த அன்று? அவள் வந்தது மார்லாவை மட்டும் அணிக்குக் கேட்க. ட்ரூடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காபி குடித்து முடித்ததும் வண்டிவரை கூடப் போனேன். போகிற வழியில் என் வாயிலிருந்து வந்தது இது: "மார்லா தனியா வரமாட்டா ஆர்டிஸ். எடுத்தா ரெண்டு பேர், இல்லன்னா ரெண்டும் இல்ல." மார்லா அப்படிச் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. ஆர்டிஸ் யோசித்துச் சொல்கிறேன் என்று போனாள். நாலாம் நாள் இரண்டு கடிதங்கள் வந்தன. நீ அழுதாய். ட்ரூடி, கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்த தாளை மடித்துக் குப்பையில் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

பிள்ளைகள் அவரவர் வழியில் போகட்டும், ஒருத்தியை இன்னொருத்தியோடு கட்டிப்போடாதே என்று நீ குளிர்காலத்திலேயே சொன்னாய். அதனால்தான் உன்னிடமும் மறைத்தேன். இப்போது ஊரே குல்லாய் பின்னிக் கொடுக்கிறது. நான் என்ன செய்யட்டும் என்று எழுது.

உன் அண்ணனைக் கேட்டதாகச் சொல். வெயிலில் தலையை மூடாமல் போகாதே.

என்றும் உன்
கெரிட்


அக்டோபர் 10, 1993
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லவோனுக்கு,

கள்ளிச்செடிப் படம் போட்ட உன் அட்டை வந்தது. நான் நாலு பக்கம் எழுதினேன், நீ ஒரே வரி எழுதியிருக்கிறாய்: 'கெரிட், அவளிடம் நீயே சொல்லிவிடு.' கையெழுத்துகூட இல்லை. தபால்காரர் அதைப் படித்திருப்பார். கொடுக்கும்போது என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. கோபமாக இருக்கிறாய். இருக்க வேண்டியதுதான். இருந்தாலும் வென்டலுக்கு உடம்பு எப்படி என்றாவது எழுதியிருக்கலாம்.

உறைபனி முந்தாநாள் விழுந்தது. சோளம் ஓரளவு தப்பித்தது என்று நினைக்கிறேன், ஆனால் கதிரில் ஈரம் அதிகம். உலர்த்த வேண்டியிருக்கும். அடுப்புப் புகைக்கூண்டைச் சுத்தம் செய்தாயிற்று. நீ ஊறுகாய் போட்டு வைத்த பீட்ரூட்டில் இரண்டு பாட்டில்தான் மிச்சம். அதையும் தின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

சொல்லவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று தரம் முயன்றேன். முதல் தரம், கல்லூரிக்குப் போய் அவளைக் காபிக் கடைக்கு அழைத்துப் போனேன். பாதாம் ரொட்டி வாங்கிக் கொடுத்து மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால் ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒருவர் எழுந்து வந்து அவள் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்கள். "ஒங்கம்மா கால்ல இருந்த சுறுசுறுப்பு ஒனக்கு இருக்கான்னு பாக்கப்போறோம்" என்கிறார் ஒருவர். "ஒங்கம்மா கையால ஒரு பல்லு போச்சு எனக்கு" என்று வாயைத் திறந்து காட்டுகிறாள் இன்னொருத்தி. அந்த நடுவில் என்னத்தைச் சொல்வது.

இரண்டாம் தரம், சனிக்கிழமைப் பயிற்சியைப் பார்க்கப் பெற்றவர்களை அனுமதித்தார்கள். மார்லா எறிவதெல்லாம் விழுகிறது. உனக்கு அது புதிதில்லை. ட்ரூடி தடுக்க நின்றால் மூத்த ஆட்டக்காரிகளே பந்தை வேறு பக்கம் கொண்டுபோகிறார்கள். அதுவரைக்கும் சரி. ஆனால் பந்து அவள் கைக்கு வந்தால், நிறைந்த பால் வாளியைத் தூக்குகிற மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டு யாரிடம் கொடுக்கலாம் என்று பார்க்கிறாள். எறிந்தால் பலகைக்கு மேலே போகிறது, இல்லை வலைக்குக் கீழே போகிறது. பயிற்சி முடிந்து எல்லாரும் குளிக்கப் போன பிறகும் தனியாக எறிந்துகொண்டே இருந்தாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சொல்ல வேண்டியதை மறந்துவிட்டேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். நினைவிருந்தது. வாய் வரவில்லை.

மூன்றாம் தரம் போன வாரம். வீட்டுக்கு வந்தவள் இயந்திரக் கொட்டகைச் சுவரில் வளையம் ஒன்றை அடித்து மாட்டச் சொன்னாள். இருட்டும்வரை எறிந்தாள். பந்தைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. "ட்ரூடி, ஒரு விஷயம்" என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் "அப்பா, பந்து" என்பாள். கடைசியில் நானும் பந்தைப் பொறுக்குவதையே வேலையாக வைத்துக்கொண்டேன். கையெல்லாம் சிவந்துவிட்டது அவளுக்கு.

தீவனக் கடையில் ஆர்டிஸைப் பார்த்தேன். எதையும் மூடி மறைக்காமல் பேசுகிற அவள் பழக்கம் உனக்குத் தெரியும். "கிறிஸ்துமஸுக்குள்ள அவ பந்த எறியக் கத்துக்கணும் கெரிட். இல்லன்னா அடுத்த வருஷம் அந்த இடத்த வேற பொண்ணுக்குத்தான் குடுக்கணும். நாலு பேர வச்சுக்கிட்டு நான் கூடை போட முடியாது" என்றாள். தலையாட்டினேன். "அவகிட்ட நீ பேசுனியா?" என்றாள். எதைப் பற்றி என்று கேட்டேன். அவள் தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இருபத்துமூன்றாம் தேதி சிவப்பு வெள்ளை ஆட்டம். நம் பெண்களே இரண்டாகப் பிரிந்து ஆடுவது. புதிதாக வந்த ஒவ்வொருத்தியும் ஒரு கூடை போடும்வரை பார்க்க வந்தவர்கள் யாரும் உட்காரக் கூடாது என்ற நம் ஊர் வழக்கத்தை நினைத்தால் நாள்காட்டிப் பக்கம் திரும்பவே பிடிக்கவில்லை. உன் தடவை ஏழு நிமிடம் நின்றோம் என்று ஹேசல் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். இந்த வருடம் அவள் கணுக்கால் வீக்கத்துக்குப் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள். "எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கினேன்" என்றாள். கிண்டலா, நிஜமா தெரியவில்லை.

அதற்குள் சொல்லிவிடுகிறேன். முயற்சி செய்கிறேன். இரண்டு வரியாவது எழுது.

உன்
கெரிட்


அக்டோபர் 25, 1993
திங்கட்கிழமை

அன்புள்ள லவோனுக்கு,

நான் இரண்டு வரி கேட்டும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இந்தக் கடிதத்தை நீ முழுக்கப் படிக்க வேண்டும். இதற்குப் பிறகு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு.

சனிக்கிழமைக்குள் சொல்லவில்லை. ஆட்டக்கூடம் நிரம்பி வழிந்தது. அறுவடை நேரத்தில் இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று தெரியவில்லை. பாதிப் பேர் காலணியில் வயல் சேறோடுதான் வந்திருந்தார்கள். ஓர்டேகாவும் விமானம் பிடித்து வந்திருந்தார். ஆட்டம் ஆரம்பித்ததும் அவர் மட்டும் உட்கார்ந்தார். பின் வரிசையிலிருந்து ஒரு கை அவர் தோளைத் தட்டி, "எந்திரிங்க சார், ஒங்க பொண்ணு இன்னும் போடல" என்றது. மனிதர் பதறி எழுந்தார்.

ஆர்டிஸ் நம் பெண்களை எதிரெதிர் அணியில் போட்டிருந்தாள். மார்லா சிவப்பு, ட்ரூடி வெள்ளை. மார்லா முதல் நிமிடத்திலேயே போட்டாள். ஓர்டேகாவின் மகள் மூன்றாவது நிமிடம். இன்னொரு பெண் ஆறாவது நிமிடம். ஒவ்வொன்றுக்கும் கூரை அதிரக் கைதட்டல். பாக்கி ட்ரூடி ஒருத்திதான்.

பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடினாள் லவோன். எதிரே ஒருத்தரும் இல்லை. எல்லாரும் போட்டுவிட்டாள் என்றே கையைத் தூக்கிவிட்டார்கள். நடுக்கோட்டுக்கு வந்ததும் வேலி கட்டியிருக்கிற மாதிரி நின்றுவிட்டாள். அப்படியே, கால் விரல் கோட்டில் படாமல். ஓடி வந்த வேகத்தில் பந்து மட்டும் கையை விட்டு உருண்டு வெளியே போயிற்று. ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் நம் வயதுப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் 'அடடா' என்றார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஹேசல், "அந்தக் கோட்டுல நாலு வருஷம் நின்னவ நான். இன்னைக்கும் கடைக்குப் போனா பாதி வழியில காலு நின்னுபோகுது" என்று சத்தமாகச் சொன்னாள். கூடம் சிரித்தது. ட்ரூடியும் சிரித்தாள். அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் விவகாரம். நேரமாகிறது, யாரும் உட்கார முடியவில்லை என்றதும் மற்றப் பெண்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். சிவப்பு அணி விலகி வழி விட்டது. ட்ரூடி வளையத்துக்கு நேர் கீழே பந்தோடு நிற்கிறாள், தடுக்க ஒருத்தியும் இல்லை. அங்கிருந்து நீயும் நானும்கூடப் போட்டுவிடலாம். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு பந்தைத் தன் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டாள். மறுபடியும் வழி விட்டார்கள். மறுபடியும் கொடுத்துவிட்டாள். மூன்றாவது தடவை நான் பொறுக்க முடியாமல், "போடு ட்ரூடி, சும்மா போடு" என்று கத்திவிட்டேன். அவள் தலை நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். பிறகு பந்தை நடுவரிடம் கொடுத்தாள்.

இடைவேளையிலும் யாரும் உட்காரவில்லை. பாப்கார்னை நின்றுகொண்டே தின்றார்கள். முழங்கால் வலிக்காரர்கள் முன் வரிசை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "ஒங்க ஊருல நாற்காலி எதுக்குப் போட்டு வச்சிருக்கீங்க?" என்று ஓர்டேகா என்னிடம் கேட்டார். ஒருவர் ஹேசலிடம், கிழவர்களாவது உட்காரலாமே என்று கெஞ்சினார். "அவ போடட்டும், ஒக்காருவோம். நான் லவோனுக்கு நின்னேன், அவ பொண்ணுக்கு நிக்க மாட்டேனா?" என்றாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஒருத்தன் வாய் பண்ணின காரியத்துக்கு நானூறு பேர் நிற்கிறார்களே என்று உடம்பெல்லாம் கூசியது.

இரண்டாம் பாதியில் ட்ரூடி மார்லாவைத் தடுக்கப் போனாள். பதினைந்து நிமிடம் மார்லாவுக்கு ஒரு கூடைகூட இல்லை. வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள், அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று இவளுக்குத் தெரியாதா. மார்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ட்ரூடி பந்தோடு கோட்டைத் தாண்டி வந்தாள். மற்றவர்கள் விலகினார்கள். அவள் மார்லாவைப் பார்த்து, "நீ விலகாத. வா, தடு" என்றாள். எனக்கு நன்றாகக் கேட்டது. மார்லா விலகவில்லை. அக்கா தங்கை என்று பார்க்காமல் முழு உயரத்துக்குக் குதித்தாள். ட்ரூடி அவள் கைக்கு மேலே எறிந்தாள். ஒழுங்கான எறி, கொட்டகைச் சுவரில் கற்ற எறி. பந்து வளையத்தில் இரண்டு தரம் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது.

ஆட்டம் முடிந்துவிட்டது. நம் காலத்தில் ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்டிஸ் கையைக் கட்டிக்கொண்டு ஹேசலைப் பார்க்கிறாள். கடைசியில் ஹேசல்தான் சொன்னாள்: "இவ இன்னும் போடல, நாம இன்னும் ஒக்காரல. நவம்பர் இருபது முதல் ஆட்டம். அங்கயும் நிப்போம். இவ போடற வரைக்கும் எல்லா ஆட்டத்துக்கும் நிப்போம். கால் வலிக்கறவங்க இப்பவே எண்ணெய் தேய்ச்சுக்கங்க." அதற்கும் கைதட்டினார்கள். ஊருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது.

ட்ரூடி வண்டி நிறுத்துமிடத்துக்குத் தானாகவே வந்தாள். தலை ஈரமாக இருந்தது. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். இப்போது சொல்லியே தீர வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். "எனக்குத் தெரியும்பா" என்றாள். அந்த வரவேற்பு விருந்துக்கு மறுவாரமே அவள் ஆர்டிஸிடம் போய், என்னை எதற்காக எடுத்தீர்கள், நான் எதில் தேற வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஆர்டிஸுக்குப் பொய் வராது. உங்கப்பா இப்படிச் சொன்னார், அதனால் எடுத்தேன் என்று சொல்லிவிட்டாள். உங்கப்பா வந்து தானே சொல்வார், காத்திரு என்றும் சொல்லியிருக்கிறாள். செப்டம்பர் நடுவிலிருந்து என் பெண்ணுக்குத் தெரியும். காபிக் கடையில் தெரியும். கொட்டகைச் சுவரில் எறியும்போது தெரியும். நான் எப்போது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே பந்தை வாங்கியிருக்கிறாள்.

உனக்காகத்தான் செய்தேன் என்றேன். "எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கணும்பா. மாட்டு டாக்டர் படிப்பையே விட்டுட்டேன். என்னையும் வேணும்னு கேட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வழி விட்டபோது ஏன் போடவில்லை என்று கேட்டேன். "அதுவும் யாரோ வாங்கிக் குடுக்கறதுதானே. ஒரு தடவ நீங்க வாங்கிக் குடுத்தது போதும்" என்றாள்.

நான் அழுதேன் லவோன். உன்னிடம் மறைக்க இனி ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஏப்ரலிலேயே சொல்லியிருக்க வேண்டியது என்றும் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை இல்லை என்று.

கிறிஸ்துமஸ்வரை இருப்பாளாம். இந்த இடத்தைத் தானே ஆடி எடுத்துக்கொள்ள முடிந்தால் இருப்பாளாம், இல்லையென்றால் தானே ஆர்டிஸிடம் கொடுத்துவிட்டு கால்நடைப் படிப்புக்கு மறுபடியும் எழுதிப்போடுவாளாம். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள். இறங்குவதற்கு முன் ஒன்று கேட்டாள். "நான் கூப்பிடற வரைக்கும் ஆட்டம் பாக்க வராதீங்கப்பா. நீங்க அங்க நின்னா நான் உங்களுக்காகப் போடற மாதிரி ஆகிடும்." சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? நீ விட்ட ஆட்டத்தைக்கூட நான் விட்டதில்லை, இருபத்தோரு வருடம். எல்லாருக்கும் என்ன காரணம் சொல்வேன் என்று தெரியவில்லை. அறுவடை என்பேன். நவம்பர் இருபதில் என்ன அறுவடை என்று ஹேசல் கேட்பாள்.

மார்லா நேற்று தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. தன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதற்காகத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, தங்கை எறிந்த பந்து உள்ளே போயிருக்க வேண்டியது என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பிறகு வைத்துவிட்டாள்.

உன்னிடம் கேட்கிறேன், லவோன். வென்டல் இப்போது தானே கோழி பொரித்துத் தின்கிறார் என்று தேவாலயத்தில் சொன்னார்கள். இருபதாம் தேதிக்குள் வந்துவிடு. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஹேசல் வீட்டில் தங்கிக்கொள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். மூன்றாவது வரிசையில், ஓரத்தில் என் இடம். அவள் என்னைத்தான் வராதே என்றாள், உன்னைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பந்தையும் எறியாமல் நாலு வருடம் ஆடியவளின் மனது, அப்படியே ஆடிய உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடந்துகொண்டேன், அவ்வளவுதான்.

உள்ளூர் வானொலியில் ஆட்டத்தைச் சொல்வார்கள். நான் இங்கே சமையலறையில் அதைப் போட்டுவிட்டு, அவள் போடும்வரை நின்றுகொண்டிருப்பேன். அங்கே என் இடத்தில் நீ நில்.

பிள்ளைகளுக்கும் உனக்கும் ஆண்டவர் துணை இருக்கட்டும்.

கெரிட்